கழற்றாமல் விட்ட வலது பக்கம்

மலைப்பாதையில் பாதி தூரம் ஏறியிருந்தபோது காரின் முன்கண்ணாடி வெளுத்துப் போனது. வெளியே மழை. வைப்பர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெளுத்தது உள்பக்கம். என் மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து, வெள்ளைத் துணியை ஒட்டியது போல் நின்றது. துண்டால் துடைத்தேன். துடைத்த இடம் இரண்டு நொடி தெளிந்து மறுபடியும் மூடியது. ஜன்னலை இறக்கினால் மழை மடியில் கொட்டியது. ஓரமாக நிறுத்தலாம் என்றால் ஓரம் எது என்றே தெரியவில்லை.

எதிரே ஹாரன் கேட்டது. மஞ்சள் வெளிச்சம் கண்ணாடி முழுக்கப் பரவியது. பிரேக்கை மிதித்து இடது பக்கம் ஒடித்தேன். பேருந்து உரசாமல் போய்விட்டது. என் கார் தடுப்புச் சுவரில் பம்பரை இடித்து நின்றது. இறங்கிப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மேகம் மட்டும்தான் இருந்தது.

நான் தூத்துக்குடியில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவில் பாடம் நடத்துகிறேன். என் கணவருக்கு வங்கி வேலை. அந்தச் சமயம் அவரைக் கொடைக்கானல் கிளைக்கு மாற்றியிருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை நான் மேலே போவேன். பேருந்தில் போயிருக்கலாம். ஆனால் என்னிடம் அந்தக் கார் இருந்தது.

என்னைவிட இரண்டு வயது மூத்த கார் அது. ஜெர்மனியில் செய்தது, கொழும்பில் யாரோ ஓட்டி, பிறகு கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக் கொட்டகையில் பல வருஷம் கிடந்தது. இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, இஞ்சின் பின்பக்கம். அந்த இஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஒரு பெரிய மின்விசிறி காற்றை அடித்தே அதைக் குளிர வைக்கும். நான் அதை வாங்கி ஓட வைக்க நாலு வருஷம் ஆனது. என் கை படாத திருகாணி அதில் இல்லை என்று மாணவர்களிடம் சொல்லிக்கொள்வேன்.

பேருந்து விஷயத்தைக் கணவரிடம் மறைக்கவில்லை. பம்பர் காட்டிக்கொடுத்திருக்கும். அவர் பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனிமே பஸ்ல வா. இல்லாட்டி நான் கீழ வாரேன். இந்தக் காரை ஊருக்குள்ள வச்சுக்கோ."

"கார்ல ஒண்ணும் குறையில்லங்க. கண்ணாடிக்குச் சூடு வரணும், அவ்வளவுதான்."

"நம்ம ஊர் கார்ல எதுக்குச் சூடு?"

அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்தக் காரில் அதற்கு வசதி இருந்தது. இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்கள் இரண்டு பக்கமும் ஓடும். அந்தக் குழாய்களைச் சுற்றித் தகரத்தால் ஒரு உறை போட்டிருப்பார்கள். வெப்பப் பெட்டி என்று நான் வகுப்பில் சொல்வேன். மின்விசிறியின் காற்றில் கொஞ்சம் அந்த உறைக்குள் நுழைந்து, சுடுகிற குழாயைத் தடவிக்கொண்டு, கதவுக்குக் கீழே உள்ள பாதை வழியாக உள்ளே வரும். பாதி காலுக்கு, பாதி கண்ணாடிக்கு. இரண்டு இருக்கைக்கும் நடுவில், ஹேண்ட் பிரேக்கை ஒட்டி ஒரு சின்ன நெம்புகோல். தூக்கினால் சூடு, இறக்கினால் இல்லை.

என் காரில் அந்த நெம்புகோலைத் தூக்கினால் ஒன்றும் வராது. இந்த ஊர் வெயிலில் யாரோ ஒரு மெக்கானிக் குழாய்களைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பக்கத் துவாரத்தையும் தகரத் தட்டு வைத்து அடைத்திருந்தார். நான் இஞ்சினைச் சரிசெய்த காலத்தில் அதைத் தொடவில்லை. இப்போது தொட முடிவு செய்தேன்.

அடுத்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் வீட்டு ஷெட்டில் வேலையைத் தொடங்கினேன். என் தம்பி கூட வந்து நின்றான். அவன் சங்கு குளிக்கிறவன். முத்துக் குளித்த தலைமுறை எங்கள் குடும்பத்தில் முடிந்துபோனது, சங்கு முடியவில்லை. நான் படித்து வாத்தியாராகிவிட்டேன். அவன் பத்தாவதோடு கடலுக்குப் போனான். அந்த வாரம் காற்று எச்சரிக்கை இருந்ததால் வள்ளங்கள் எதுவும் போகவில்லை.

"இம்புட்டு வெயில்ல ஹீட்டர் மாட்டுத ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றான்.

வெப்பப் பெட்டியைக் கழற்றுவதில் ஒரு பயம் உண்டு. பக்கத்துக்கு ஆறு நட்டு. அவை இஞ்சினில் பதிந்த, ஸ்டட் என்கிற இரும்புத் தண்டுகளில் மாட்டியிருக்கும். ஐம்பது வருஷச் சூடும் எங்கள் ஊர் உப்புக் காற்றும் நட்டையும் தண்டையும் ஒன்றாக்கிவிட்டிருக்கும். ஸ்பேனரை அழுத்தும்போது நட்டு சுற்றுகிறதா, தண்டு முறுக்கிக்கொள்கிறதா என்று கைக்குத்தான் தெரியும். தண்டு முறிந்தால் இஞ்சினையே கீழே இறக்கித் துளை போட்டு எடுக்க வேண்டும்.

இடது பக்கம் இரண்டு நாள் எடுத்தது. எண்ணெய் விட்டு, சூடு காட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றாக எடுத்தேன். ஆறும் முறியாமல் வந்தன. பெட்டியின் வாயை ரப்பர் வைத்து அடைத்து, உள்குழாய்க்குள் கால் பம்பால் காற்று அடித்து, துணி ஊறவைக்கும் சிமெண்ட் தொட்டியில் முக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. மேலுறையில் இருந்த துருப்பிடித்த இடங்களை வெல்டிங் பட்டறை அண்ணாச்சி ஒட்டுப் போட்டுக் கொடுத்தார்.

வலது பக்கத்தில் மூன்று நட்டு வந்தது. நாலாவதில் ஸ்பேனரை அழுத்தியபோது கைக்கு ஒரு மாதிரி மெதுவாக இருந்தது. இரும்பு மிட்டாய் போல இளகுகிற மாதிரி. உடனே கையை எடுத்துவிட்டேன். எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுத்துப் பார்த்தேன். மறுபடியும் அதே இளகல். வியர்த்துப்போய் காருக்கு அடியிலேயே படுத்திருந்தேன்.

கழற்றின மூன்றையும் திரும்ப இறுக்கினேன். பெட்டியை இடத்திலேயே விட்டுவிட்டு, அண்ணாச்சியை வரச் சொல்லி மேலுறையில் இருந்த ஒரு ஓட்டையை மட்டும் அடைத்தேன்.

"கண்ணுக்குத் தெரியுததைத்தான் நான் அடைக்க முடியும் டீச்சர்" என்று அவர் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இஞ்சினை ஓட்டி, உறை மேல் சோப்பு நுரை தடவினேன். நுரை அசையவில்லை. தம்பி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"புகைக் குழாயச் சுத்தி வார காத்துதான உள்ள வரும்?"

"ஆமா."

"குழாய்ல ஓட்டை இருந்தா?"

"அதுக்குத்தான சோதிக்கேன்."

"இதைத் தண்ணில முக்கலியே."

"கழட்டினா ஸ்டட் முறியும்லே. முறிஞ்சா இஞ்சினை இறக்கணும்."

"இறக்கினா என்ன? எனக்கு ஒரு வாரம் கடல் கிடையாது. கூட நிக்கேன்."

"உனக்கு இதெல்லாம் புரியாதுலே" என்றேன்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மேலுறையில் நுரை அசையாதது உள்குழாயைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒரு மாணவன் பரீட்சையில் அப்படி எழுதியிருந்தால் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன். ஆனால் மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வேலை முடிந்தாக வேண்டியிருந்தது. தகரத் தட்டுகளை எடுத்துவிட்டுப் புதுக் குழாய்களை மாட்டினேன். நெம்புகோலைத் தூக்கிக்கொண்டு ஜன்னல்களைத் திறந்துபோட்டு, கடற்கரைச் சாலையில் துறைமுகம் வரை போய்வந்தேன். காலில் சூடு வந்தது. வெயிலோடு சேர்ந்து சட்டை முழுக்க நனைந்தது. லேசாக ஒரு வாடை இருந்தது. புதுக் குழாயும் வெல்டிங்கில் போட்ட பெயிண்டும் காய்கிற வாடை என்று நினைத்தேன். அந்த வாடை இரண்டு நாளில் போகும் என்று கணவரிடம் போனில்கூடச் சொன்னேன்.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினோம். அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. மருமகனைப் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது என்று அவளும் வந்தாள். மேலே கணவரின் குடியிருப்பில் ஒரு கட்டிலைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. அதற்காகத் தம்பியைக் கூப்பிட்டேன். அந்தக் காரின் பின்னிருக்கை பேருக்குத்தான் இருக்கும். அம்மா சின்ன உடம்பு. தலையணையைச் சாய்த்துக்கொண்டு, கால்களை மடக்கிச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டாள். தம்பி எனக்கு இடது பக்கம்.

எட்டயபுரம், அருப்புக்கோட்டை, மதுரை வரைக்கும் வெயில். வத்தலக்குண்டில் சாப்பிட்டோம். மலை ஏற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றினோம். முன்கண்ணாடியின் ஓரங்களில் வெள்ளை படர ஆரம்பித்ததும் நெம்புகோலைத் தூக்கினேன்.

இன்றுவரை அந்த ஐந்து நிமிஷத்தை என்னால் வெறுக்க முடியவில்லை. கண்ணாடியின் அடியிலிருந்து ஒரு தெளிவு விசிறி போல் விரிந்து மேலே ஏறியது. பாதை, மைல்கல், எதிர்வரும் லாரியின் நம்பர் எல்லாம் தெரிந்தது.

"காலுக்கு இதமா இருக்கு ஏளா" என்றாள் அம்மா. "அடுப்படில உக்காந்த மாதிரி."

பிறகு ஜெபமாலையை எடுத்தாள். உதட்டுச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

எவ்வளவு நேரம் போனது என்றும் சரியாகச் சொல்ல முடியாது. அரை மணிக்கு மேல் இருக்கும். ஏற்றம் கூடிக்கொண்டே போனது. இஞ்சின் முழு பலத்தோடு இழுத்தது. என் நெற்றியின் இரண்டு பக்கமும் யாரோ விரல் வைத்து அழுத்துவது போல் ஒரு வலி தொடங்கியது. வெயிலில் வந்த தலைவலி என்று நினைத்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியருக்குப் பதில் நாலாவதில் போட்டுவிட்டேன். கார் திணறியது. சிரித்தேன். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"அக்கா, எனக்குத் தலை கனக்கு" என்றான் தம்பி.

"மலை ஏறுதோம்லா. அப்படித்தான் இருக்கும்."

அவன் குனிந்து, காலருகே சூடு வருகிற துவாரத்தில் முகத்தை வைத்தான். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"வண்டிய நிறுத்து."

"இங்கன எங்க நிறுத்த? வளைவு."

"நிறுத்துன்னு சொல்லுதேன்."

அவன் தன் பக்கக் கண்ணாடியை மளமளவென்று இறக்கினான். மழை உள்ளே அடித்தது. எனக்குக் கோபம் வந்தது. "கண்ணாடிய ஏத்துலே, மறுபடி மூடிக்கும்" என்று சொல்ல நினைத்தேன். சொன்னது பாதிதான். நாக்கு தடித்து, வார்த்தை குழறியது என் காதிலேயே விழுந்தது. அது ஏன் என்று யோசிக்கவில்லை. கண்ணாடி மூடிக்கொள்ளும் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

அடுத்த வளைவு வந்தது. அதைப் பார்த்தேன். ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும் என்றும் தெரிந்தது. ஆனால் கை மடியிலிருந்து எழுந்து வருகிற மாதிரி மெதுவாக வந்தது. அதற்குள் தம்பி நடுவில் கையை விட்டான். நெம்புகோலை இறக்கத்தான் போகிறான் என்று அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். அவன் நெம்புகோலைக் கீழே தள்ளிவிட்டு அதற்குப் பக்கத்தில் இருந்த ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தான். இன்னொரு கையால் ஸ்டியரிங்கை என் கைக்கு மேலே பிடித்துத் திருப்பினான். கார் இரண்டு முறை குதித்து, வளைவின் உள்பக்கம் மண்மேட்டில் சாய்ந்து, இஞ்சின் அணைந்து நின்றது.

"அம்மா" என்று திரும்பிக் கூப்பிட்டான்.

பதில் இல்லை.

"அம்மா. எந்திரி."

நானும் திரும்பினேன். அம்மா தலையணையில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். முகம் நல்ல நிறமாக, காய்ச்சல் விட்டவள் போல இருந்தது. ஜெபமாலை விரலிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. தம்பி அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கண் திறக்கவில்லை.

அவன் இறங்கி ஓடி, என் பக்கக் கதவைத் திறந்து, என்னைத் தோளோடு பிடித்து இழுத்து வெளியே உட்காரவைத்தான். பிறகு முன்னிருக்கையை மடக்கி, அம்மாவை ஒரு குழந்தையைத் தூக்குவது போல் தூக்கி வந்து தடுப்புச் சுவரில் சாய்த்தான். மழை அவள் முகத்தில் விழுந்தது. நான் எழுந்து அவளிடம் போகப் பார்த்தேன். முழங்கால் மடங்கி, அங்கேயே வாந்தி எடுத்தேன்.

"நீ உக்காரு. மூச்ச நல்லா இழுத்து விடு. பேசாத" என்றான்.

அவன் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. என்ன செய்வது என்று எல்லா விஷயத்திலும் என்னைக் கேட்கிற தம்பி அவன். அம்மாவின் மூக்குக்குப் பக்கத்தில் காதை வைத்தான். "மூச்சு இருக்கு" என்று அவனுக்கே சொல்லிக்கொண்டான். அவள் ரவிக்கையின் மேல் கொக்கியைத் தளர்த்தி, தாடையைத் தூக்கிப் பிடித்தபடி பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அம்மா என்று இல்லை. அவள் பேரைச் சொல்லி.

மேலே காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு காய்கறி ஜீப் நின்றது. ஓட்டுநர் இறங்கி என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"புகை குடிச்சிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும் அண்ணே."

கோணிகளின் மேல் அம்மாவைப் படுக்கவைத்தோம். மழை அடிக்கிறது என்று ஓட்டுநர் தார்ப்பாயை இறக்கிவிட வந்தார். "வேண்டாம், திறந்தே கிடக்கட்டும்" என்று தம்பி தடுத்தான். நான் அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதில் இன்னும் சூடு இருந்தது. என் ஹீட்டர் கொடுத்த சூடு.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா கண்ணைத் திறந்தாள். என்னையே பார்த்தாள்.

"நீ யாரு ஏளா?" என்று கேட்டாள்.

நான் சொன்னேன். அவள் கேட்ட மாதிரி தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். மிச்ச தூரம் முழுக்க அந்தக் கேள்வியோடுதான் போனேன்.

மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அம்மாவின் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். தொண்ணூற்றேழு காட்டியது. "ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது.

தம்பி நகரவில்லை. "சிஸ்டர், புகை குடிச்சவங்களுக்கும் அது நல்லாத்தான் காட்டும். அதை நம்பாதீங்க. மாஸ்க் வச்சு ஆக்சிஜன் குடுங்க. டாக்டரைக் கூப்பிடுங்க."

அதற்குள் டாக்டரே வந்துவிட்டார். சின்ன வயசுப் பெண். அவன் சொன்னதைக் கேட்டு உடனே தலையாட்டினார். அம்மாவுக்கும் எனக்கும் மாஸ்க் மாட்டினார்கள். கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், இந்தக் கிளிப்புக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்று நர்ஸிடம் அவர் விளக்கிக்கொண்டிருந்தார். முதல் பாதி நான் வருஷம் தவறாமல் கரும்பலகையில் எழுதுவது. இரண்டாவது பாதி எனக்குத் தெரியாது. என் தம்பிக்குத் தெரிந்திருந்தது.

"எப்படி ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"கார்ல ஹீட்டர். நான் பொருத்தினது" என்றேன். மாஸ்க்குக்குள் என் குரல் யாருடையதோ போல இருந்தது.

இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். தலை பிளக்கிறது என்றாள். பிறகு, "என் செருப்பு எங்க?" என்று கேட்டாள். ஒரு கால் செருப்பு ஜீப்பிலோ பாதையிலோ போயிருந்தது. அதற்காக அவள் என்னைத் திட்டத் திட்ட, நான் அழுதேன்.

என் மாஸ்க்கை எடுத்த பிறகு வராந்தா பெஞ்சில் தம்பிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவனும் கொஞ்ச நேரம் ஆக்சிஜன் வாங்கியிருந்தான். காதுக்குப் பின்னால் மாஸ்க் கயிற்றின் தடம் இருந்தது.

"அந்தக் கிளிப் விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஊருக்கு எதிரே இருக்கிற தீவுக்கு அந்தப் பக்கம். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய் இறங்கும். இரண்டு பேர் ஆளுக்கு ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு அடியில் சங்கு பொறுக்குவார்கள். அன்றைக்குக் காற்று திசை மாறி, கம்ப்ரசரை ஓட்டுகிற இஞ்சினின் புகை, கம்ப்ரசர் காற்றை இழுக்கிற வாய்க்குள்ளேயே போயிருக்கிறது.

"தலை கனத்துச்சு. அப்புறம் ஒண்ணுமே முக்கியமில்லன்னு தோணுச்சு. நல்லா தூக்கம் வந்துச்சு. இன்னைக்கு நீ சிரிச்சியே கியரை மாத்திப் போட்டு, அப்படித்தான் இருந்துச்சு எனக்கும். எப்படியோ மேல வந்தேன். அவன் வரல."

அவன் யார் என்று எனக்குத் தெரியும். தம்பியின் நண்பன், சின்ன வயசிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டவன். அடக்கத்துக்குப் போயிருந்தேன். கடலில் மூச்சு முட்டிவிட்டது என்றுதான் சொன்னார்கள். அந்த நாட்களில் தம்பி ராமேஸ்வரம் பக்கம் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். அங்கேயும் அந்தக் கிளிப் நல்லபடியாகத்தான் காட்டியதாம்.

"ஏன்லே என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பாடம் நடத்துவ."

கொஞ்சம் கழித்து அவனே சொன்னான்: "அன்னைக்கு ஷெட்ல கேட்டேன்லா."

"கேட்ட."

"அம்மாட்ட சொல்லிராத. என் கதைய."

கணவர் வந்தபோது சாயங்காலம். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்துத் திட்டுவார் என்று காத்திருந்தேன். இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் காபியை நீட்டியபோது சொன்னார்: "காரை வித்துரச் சொல்ல மாட்டேன். விக்க மாட்டன்னு தெரியும். யாராவது ஒரு கேள்வி கேட்டா இனிமே பதில் சொல்லு."

காரை எல்லா ஜன்னலையும் திறந்துபோட்டு, சூட்டுக் குழாய்களைப் பிடுங்கிவிட்டு, நனைந்துகொண்டே கீழே கொண்டு வந்தோம். அம்மா கணவரோடு பேருந்தில் வந்தாள்.

அடுத்த வாரம் வலது பக்கத்தை எடுத்தேன். தண்டு முறிந்தது. நான் பயந்த இடத்தில், பயந்த மாதிரியே. இஞ்சினை இறக்கி, முறிந்த துண்டைத் துளை போட்டு எடுக்க நாலு நாள் ஆனது. நாலு நாள்தான். தம்பி கூட நின்றான். பெட்டியின் வாயை அடைத்து அதே சிமெண்ட் தொட்டியில் முக்கி, பம்பை மிதித்தேன். சோறு கொதிப்பது போல் தண்ணீர் கொதித்தது. உறையை அறுத்துப் பார்த்தால், உள்குழாயின் வளைவில் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு பிளவு. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அறுத்த பெட்டியை வகுப்புக்குக் கொண்டுபோய் மேஜையில் வைத்து, யார் பொருத்தியது, யார் சோதிக்காமல் விட்டது என்று மாணவர்களிடம் சொன்னேன்.

துருப்பிடிக்காத எஃகில் இரண்டு பெட்டி புதிதாகச் செய்து வரவழைத்தேன். இரண்டையும் தொட்டியில் முக்கினேன். முன்பலகையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை ஒட்டினேன். மார்கழியில் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்து, மலை ஏறினேன். கண்ணாடி கடைசிவரை தெளிவாக இருந்தது. அலாரம் சத்தமில்லாமல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு ஓட்டியதில் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அம்மா இன்னும் அந்தக் காரில் ஏறவில்லை. ஏறச் சொல்லி நானும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தம்பியின் வள்ளத்துக்குப் போனேன். அவன் வேண்டாம் என்றான். வந்தே தீருவேன் என்றேன். முப்பது வருஷமாக அவன் கடலுக்குப் போகிறான். அந்தக் கம்ப்ரசரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. காற்றை இழுக்கிற வாய்க்கும் இஞ்சினின் புகைக்குழாய்க்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. நண்பனைப் பறிகொடுத்த பிறகும் அதே ஒரு முழம்.

"இப்படியேவா ஓட்டுத?"

"காத்தைப் பாத்து வள்ளத்தைத் திருப்பிக்கிடுவோம்."

நான் பாடம் நடத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். புகைக்குழாயை நீட்டிப் பின்பக்கம் வெளியே திருப்பினேன். காற்று இழுக்கிற வாயில் நீளமான குழாய் ஒன்றை மாட்டி, முன்பக்கம் ஒரு கம்பத்தில் ஆள் உயரத்துக்கு மேல் கட்டினேன். பிறகு இஞ்சினை ஓட்டச் சொல்லி, ரப்பர் குழாயை வாங்கி நான் பல்லில் கடித்துக்கொண்டேன். வள்ளத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, என் முகத்தையும் பார்த்துக்கொண்டு, எதிரே குந்தியிருந்தான்.

வள்ளத்தை இரண்டு முறை திருப்பச் சொன்னேன், காற்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வரட்டும் என்று. ரப்பர் வாடையும் உப்பும்தான் வந்தது. பதினைந்து நிமிஷம் கழித்துக் குழாயை எடுத்தேன்.

"தலை கனக்கா?" என்று கேட்டான்.

"இல்லலே."

"நூறுலேர்ந்து தலைகீழா எண்ணு."

எண்ணினேன். எழுபது வரைக்கும் விடவில்லை அவன்.